கம்பெனி போயிடுச்சு, கார் இருக்கு: ஐகான் 1.6 வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு

கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துட்டே இருக்கு. "ஃபோர்டு ஐகான் 1.6 ஒண்ணு விலைக்கு வருது. 2003 மாடல். ஒரு புது ஸ்கூட்டர் வாங்குற காசுதான் கேக்கறாங்க. வாங்கலாமா?"

நம்ம இங்க கார் ரிவ்யூ பண்றது இல்ல, வரலாறுதான் பேசறோம். ஆனா இந்தக் கேள்விக்கு வரலாறு வழியாப் போனாத்தான் சரியான பதில் கிடைக்கும். ஐகான் மறைமலை நகர்ல பிறந்த கார். அதை உருவாக்கின கம்பெனி இப்போ இந்தியாவுல கார் தயாரிக்கிறது இல்ல. அப்படிப்பட்ட ஒரு காரை இருபது வருஷத்துக்கு மேலே ஓட்டறதுன்னா என்ன அர்த்தம்? அதைப் பார்த்துக்கறது யார்? அதுல கை வைக்கலாமா? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா, காசை எடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

வேகம் கடையில கிடைக்காத காலம்

முதல்ல ஒரு விஷயம். இந்தியாவுல காரை மாடிஃபை பண்றது ஸ்டைலுக்காக ஆரம்பிச்சது இல்ல. வேற வழி இல்லாததால ஆரம்பிச்சது.

1983 டிசம்பர்ல மாருதி 800 வர்ற வரைக்கும் ரோட்டுல பெரும்பாலும் பார்த்தது அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். பத்மினிக்கு 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். காசு கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். இந்த நிலைமையில, வேகமா போகணும்னு ஒருத்தருக்கு ஆசை வந்தா கடைக்குப் போய் வேகமான கார் வாங்க முடியாது. இருக்கிற காரைத்தான் வேகமாக்கணும்.

அந்த ஆசைக்கு மெட்ராஸ்ல ஒரு இடம் இருந்தது. சோழவரம். ரெட் ஹில்ஸ் தாண்டி, இரண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளம். போர் முடிஞ்சு விமானங்கள் போனதும், அந்த கான்கிரீட் பாதை சும்மா கிடந்தது. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினாங்க. சோழவரத்துல நடந்த பந்தயங்களைப் பார்க்க ஊரே திரண்டு போகும். அங்க ஓடினதுல பல கார்கள் வாரநாள்ல ஆபீசுக்குப் போற அதே வகைக் கார்கள்தான். பின்சீட்டைக் கழட்டி எடை குறைப்பாங்க. சிலிண்டர் ஹெட்டைத் தேய்ச்சு கம்ப்ரஷனை ஏத்துவாங்க. கார்புரேட்டரை மாத்துவாங்க. லேத்துல குடுத்து ஒவ்வொரு பாகமா செஞ்சு வாங்குவாங்க.

1980கள்ல பெங்களூர்ல இருந்து சிபானி டால்ஃபின்னு ஒரு குட்டிக் கார் வந்தது. ஃபைபர்கிளாஸ் பாடி, 848 சிசி. குடும்பங்கள் அதை வாங்கத் தயங்கினாங்க, ஆனா எடை குறைவா இருந்ததால பந்தயக்காரங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் கோயம்புத்தூர்ல எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வச்சே ஒரு பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி. சாதாரண வீட்டுக் காரோட எஞ்சின்தான், ஆனா ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள். 1995ல ஒரு சின்ன விமான விபத்துல அவர் இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேருல இருக்கறதுதான்.

நான் சொல்ல வர்றது இதுதான்: அந்தக் காலத்துல மாடிஃபிகேஷன்கறது பற்றாக்குறைக்கு நம்ம ஆட்கள் கண்டுபிடிச்ச பதில். கைத்திறன் நிறைய இருந்தது, நல்ல கார் இல்ல.

ஜி.எஸ்.டி. ரோட்டுல முதல் தடவை

ஃபோர்டு கதைக்குப் போறதுக்கு முன்னாடி, அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல நடந்த இன்னொரு கதையைச் சொல்லணும். அதைத் தெரிஞ்சுக்காம ஐகானைப் புரிஞ்சுக்க முடியாது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். 1948ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கம்பெனி, வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1961ல இருந்து அவங்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரிச்சாங்க. இங்கிலாந்துல அது டிரையம்ஃப் ஹெரால்டு. ரெண்டு கதவு, 948 சிசி எஞ்சின். முன்னாடி பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. அதை அப்படியே முன்பக்கமா சாய்ச்சுத் திறந்தா, எஞ்சின் மொத்தமும் கைக்கு எட்டும். டயர் மேல உட்கார்ந்துகிட்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு அதைவிட வசதி வேற என்ன வேணும்?

பாகங்களை ஒண்ணொண்ணா உள்ளூர்லயே செஞ்சு, கடைசியில இங்கிலாந்துல இல்லாத நாலு கதவு ஹெரால்டையே மெட்ராஸ்ல உருவாக்கினாங்க. 1972ல கஸெல்னு ஒண்ணு வந்தது. 1985ல ஸ்டாண்டர்ட் 2000னு ஒரு பெரிய கார். ரோவர் பாடிக்குள்ள பழைய காலத்து எஞ்சின். எடுபடல. 1988ல கார் உற்பத்தி நின்னுது. கம்பெனி எழுந்திருக்கவே இல்ல.

ஆனா ஹெரால்டு எல்லாம் மறுநாள் காலையில நின்னு போகல. இன்னிக்கும் சென்னையில பழைய கார் ஊர்வலம் நடந்தா ஹெரால்டு வருது, சொந்த எஞ்சின்ல ஓடி வருது. எப்படி?

பதில் பாடியிலயும் அம்பத்தூர்லயும் கிண்டியிலயும் இருக்கு. 1960களோட தொடக்கத்துல பாடியில லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எல்லாம் வந்துடுச்சு. டைனமோ, பிரேக், வீல் ரிம் எல்லாம் இந்த ஊர்லயே செஞ்சாங்க. அதைச் சுத்தி நூத்துக்கணக்குல லேத் பட்டறைகள். ஒரு புஷ் கிடைக்கலன்னா அளவெடுத்துக் கடைஞ்சு குடுக்க ஆள் இருந்தது. கிடைக்காத மீதிக்குப் புதுப்பேட்டை. கார் கம்பெனி செத்துப் போனாலும், காரைச் செய்யத் தெரிஞ்ச ஊர் சாகல. இதை மனசுல வச்சுக்கங்க.

1999: தொழிற்சாலையே குடுத்த 92 குதிரைகள்

1991க்கு அப்புறம் கதவு திறந்தது. 1993ல மாருதி ஜென், 1994ல எஸ்டீம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையா வந்தாங்க. ஃபோர்டுக்கு இந்தியா புதுசு இல்ல. 1926லயே இங்க வந்து, 1950கள்ல மூடிட்டுப் போன கம்பெனி அது. 1995ல மகிந்திராவோட கூட்டு சேர்ந்து திரும்பி வந்தாங்க. முதல்ல நாசிக்ல எஸ்கார்ட்டை அசெம்பிள் பண்ணாங்க. அது ஐரோப்பாவுல ஏற்கனவே பழசான டிசைன். இங்கயும் பெருசா போகல. 1998ல பெரும்பங்கு ஃபோர்டு கைக்கு வந்தது.

புதுத் தொழிற்சாலைக்கு மறைமலை நகரைத் தேர்ந்தெடுத்தாங்க. துறைமுகம் பக்கம்கறது ஒரு காரணம். நான் மேல சொன்ன பாடி, அம்பத்தூர் பட்டறைகள் இன்னொரு காரணம். கிட்டத்தட்ட அதே சமயத்துல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் வந்தது, சான்ட்ரோ 1998ல வெளியே வந்தது. திருவள்ளூர்ல லேன்சர். ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள மெட்ராஸ் ஒரு கார் ஊரா மாறிடுச்சு.

1999 கடைசியில ஐகான் வந்தது. ஃபியஸ்டாங்கற ஐரோப்பிய ஹேட்ச்பேக்கோட அடித்தளத்துல, இந்தியாவை மனசுல வச்சு டிக்கி சேர்த்து உருவாக்கின செடான். விளம்பரத்துல அதுக்கு வச்ச பேர் 'ஜோஷ் மெஷின்'. 1.3 பெட்ரோல் இருந்தது, 1.8 டீசல் இருந்தது. ஆனா ஆசையா பேசினது 1.6 ரோகேம் பத்தித்தான்.

ரோகேம்னா என்னன்னு சுருக்கமா சொல்றேன். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடறது கேம்ஷாஃப்ட்டுங்கற சுழலும் தண்டு. சாதாரணமா அதோட முட்டை வடிவ மேடுகள் அடுத்த பாகத்து மேல உரசிக்கிட்டே போகும். ரோகேம்ல அந்த இடத்துல ஒரு சின்ன உருளை. உரசறதுக்குப் பதிலா உருளுது. உராய்வு குறையுது. சிலிண்டருக்கு ரெண்டு வால்வுதான், மொத்தம் எட்டு. அதனால இது உச்சத்துல கத்தற எஞ்சின் இல்ல, கீழ் வேகத்துலயே இழுக்கற எஞ்சின். 1597 சிசி, 92 குதிரைத்திறன். அப்போ எஸ்டீம் வந்தப்ப குடுத்தது 65. கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள காருக்கு 92 போதும், தாராளமாவே போதும். மூணாவது கியர்ல ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணும்போது, கால் வச்சதும் கிளம்பற அந்த இழுவைதான் இதுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. ஸ்டியரிங்கும் அப்படித்தான். இப்போ வர்ற எலெக்ட்ரிக் ஸ்டியரிங் மாதிரி இல்லாம, ரோடு எப்படி இருக்குன்னு உள்ளங்கைக்குச் சொல்லும்.

வரலாற்றுல இது ஒரு திருப்பம். சோழவரத்துல ஒரு தலைமுறை லேத்துல தேய்ச்சுத் தேய்ச்சுத் தேடின விஷயத்தை, இப்போ ஒரு வங்கிக் கடன்ல ஷோரூம்லயே வாங்கலாம். அந்தப் பட்டியல்ல ஐகான் மட்டும் இல்ல. ஹோண்டா சிட்டி விடெக் இருந்தது, ஃபியட் பாலியோ 1.6 இருந்தது. ஆனா செங்கல்பட்டு பக்கத்துலயே செஞ்சு, தாம்பரம் தாண்டி நம்ம ரோட்டுக்கு வந்த கார் இதுதான்.

ஐகான் உற்பத்தி 2011 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிக்கிறதை நிறுத்தப் போறதா ஃபோர்டு அறிவிச்சது. மறைமலை நகர்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். 2022 நடுவுல நல்ல இழப்பீடு கேட்டு அவங்க போராடினாங்க. ஜூலைல கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. 2024ல, ஏற்றுமதிக்காக அந்த ஆலையைத் திரும்பத் திறக்கற விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குத் தெரிவிச்சது. ஆனா அது நம்ம 2003 ஐகானுக்குக் கதவு கைப்பிடி செஞ்சு குடுக்கறதுக்காக இல்ல.

ஆக, ஜி.எஸ்.டி. ரோட்டுல ரெண்டாவது தடவையும் அதே கேள்வி. கம்பெனி போயிடுச்சு, கார் இருக்கு. இப்போ?

வாங்கப் போறீங்களா? முதல்ல காகிதம்

பழைய கார் வாங்கப் போறவங்க முதல்ல பானெட்டைத் திறப்பாங்க. ஐகான் மாதிரி கார்ல முதல்ல திறக்க வேண்டியது ஆர்.சி. புக்.

தனியார் காருக்குப் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி, எஃப்.சி. வாங்கி, பசுமை வரி கட்டி, அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இதுக்கான கட்டணம் 600 ரூபாய். அதுக்கப்புறம் 5,000. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000ஆ ஏத்திட்டாங்க. 2003 மாடல்னா நீங்க அந்தக் கணக்குலதான் வருவீங்க. ஆர்.சி. எந்தத் தேதி வரைக்கும் செல்லும், பழைய வங்கிக் கடன் ஆர்.சி.ல இன்னும் பதிவா இருக்கா, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப் போகுதா. இந்த மூணும் சரியா இல்லன்னா, வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். ஓனர் நாலு கை மாறி, கடைசி ரெண்டு பேர் பேர் மாத்தாமலே வித்திருந்தா, அந்தத் தலைவலி முழுசும் உங்களுக்கு.

அடுத்தது தண்ணி. நம்ம ஊர் கார்னாலே 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கேட்டே ஆகணும். 2023 மிக்ஜாம் புயலையும் கேக்கணும். விக்கறவர் சொல்ல மாட்டார், கார் சொல்லும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க. சீட் ரயில்ல துரு இருக்கா, சீட் பெல்ட்டை முழுசா இழுத்தா அடியில மண் கறை தெரியுதா, ஸ்டெப்னி வைக்கிற குழியில வண்டல் இருக்கா. இதுல எதாவது தெரிஞ்சா, அந்தத் தண்ணி வயரிங்குக்குள்ளயும் போயிருக்கும். வயரிங் கோளாறு இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம்னு வந்துட்டே இருக்கும்.

மூணாவது தகரம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல்காத்து அடிக்கிற இடத்துல வெளியே நின்ன வண்டின்னா கதவோட அடி ஓரம், டிக்கி ஓரம், ஃப்ளோர் எல்லாம் பாருங்க. ஒரு சின்னக் காந்தம் எடுத்துட்டுப் போங்க. தகரத்துல ஒட்டும், பட்டி பூசின இடத்துல பிடிப்பு இருக்காது. எஞ்சின் பழுதானா சரி பண்ணலாம். தகரம் அழுகின கார்ல டிங்கரிங் செலவு, கார் விலையைத் தாண்டிடும்.

இதெல்லாம் முடிச்சப்புறம் எஞ்சின். காலையில, குளிர்ந்த எஞ்சினைத்தான் கேக்கணும். நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா, "ஆறட்டும், அப்புறம் வரேன்"னு சொல்லிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ரோகேம்ல டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயில் நேரத்துக்கு மாத்தாத வண்டியில, குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது செயின் பக்கத்துல இருந்து ஒரு கடகடப்பு வரும். ஒரு நொடியில அடங்கினா பேசலாம். அடங்காம தொடர்ந்தா, அந்தச் செலவைக் கணக்குல சேர்த்துட்டு விலை பேசுங்க.

பராமரிப்பு: தண்ணி, ஆயில், பெட்ரோல்

இந்த எஞ்சினோட பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். உறுதியானது. ஆனா தெர்மோஸ்டாட் ஹவுசிங்னு ஒரு பாகம் பிளாஸ்டிக்ல வரும். வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி, அது வெடிப்பு விட்டு கூலன்ட் கசியும். இது ரோகேம் எங்கெல்லாம் ஓடுதோ அங்கெல்லாம் தெரிஞ்ச கதை. கசியறது கண்ணுக்குத் தெரியாம, கூலன்ட் குறைஞ்சு, வண்டி கிண்டி சிக்னல்ல மே மாச வெயில்ல நின்னா, அலுமினிய ஹெட் வளைஞ்சுடும். சில நூறு ரூபாய் பாகம், ஒரு எஞ்சின் வேலையில கொண்டு போய் விடும். அதனால வாங்கின உடனே செய்ய வேண்டிய முதல் வேலை சைலன்சர் மாத்தறது இல்ல. ஹவுசிங், ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி, ஃபேன் சுவிட்ச் எல்லாத்தையும் புதுசாக்கறது. உலோகத்துல செஞ்ச ஹவுசிங் கிடைச்சா அதையே போடுங்க. கூலன்ட்டுக்குப் பதிலா குழாய்த் தண்ணி ஊத்தற பழக்கம் இங்க ரொம்ப அதிகம். நம்ம உப்புத் தண்ணி உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும்.

ஆயில் விஷயத்துல கஞ்சத்தனமே கூடாது. நான் சொன்ன அந்த உருளைகளும் செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்யுது.

அப்புறம் பெட்ரோல். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஐகான் செஞ்ச காலத்துல யாரும் இதை நினைச்சுப் பார்க்கல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாத்தையும் காலப்போக்குல கெடுக்கும். ஒரு லிட்டர்ல பெட்ரோலைவிட சுமார் மூணுல ஒரு பங்கு சக்தியும் குறைவு, அதனால மைலேஜும் கொஞ்சம் விழும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பிரேசில்ல இதே ரோகேம் குடும்பத்து எஞ்சின் வெறும் எத்தனால்லயே ஓடற ஃப்ளெக்ஸ் வடிவத்துல வந்தது. ஆனா அதுக்காகவே அவங்க பாகங்களை மாத்திச் செஞ்சாங்க. நம்ம வண்டியில ஃப்யூயல் ஹோஸ்களை எத்தனால் தாங்கற ரகமா மாத்தணும், டேங்குல அரைகுறையா பெட்ரோலோட மாசக்கணக்குல நிறுத்தி வைக்கக் கூடாது. பெட்ரோல் வாசனை வந்தா அன்னிக்கே பார்க்கணும். இது தீப்பிடிக்கிற விஷயம்.

பாகங்கள் எங்க கிடைக்கும்? தேய்மானப் பொருட்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகள்ல இன்னும் கேட்டுப் பார்க்கலாம். கண்ணாடி, கதவு, லைட், டேஷ்போர்டு எல்லாத்துக்கும் புதுப்பேட்டை. ரோகேம் எஞ்சின் தென்னாப்பிரிக்காவுல போர்ட் எலிசபெத்லயும் தயாரானது, ஐகானும் அங்க வித்தது. அதனால அந்த ஊர் மெக்கானிக்குகளோட வீடியோக்கள்ல உங்க காரோட பாதிப் பிரச்சினைக்குப் பதில் இருக்கும். ஆனா எல்லாத்துக்கும் மேல, இந்த எஞ்சினைப் பிரிச்சுச் சேர்த்த ஒரு மெக்கானிக் அண்ணனை முதல்ல கண்டுபிடிங்க. கார் அதுக்கப்புறம்.

கை வைக்கலாமா?

இப்போ எல்லாருக்கும் பிடிச்ச பகுதி. மாடிஃபிகேஷன்.

சட்டத்தை முதல்ல சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கம்பெனி குடுத்த அடிப்படை விவரங்கள்ல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரில, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, இப்படி மாத்தற ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும்னு வச்சிருக்காங்க. வண்டி நிறத்தை மாத்தணும்னா ஆர்.சி.ல பதிவு பண்ணிட்டு மாத்தலாம். எஞ்சினையே மாத்தணும்னா முன்கூட்டியே அனுமதி வேணும். விபத்து நடந்தா, சொல்லாம செஞ்ச மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வாய்ப்பு இருக்கு. மறக்காதீங்க, உங்க கார் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நிக்கணும். மத்தவங்க காருக்கு இல்லாத ஆபத்து இது.

சட்டத்தை விடுங்க, இயந்திரக் கணக்கையே பார்ப்போம். பெரிய அலாய் வீல் போட்டா பார்க்க நல்லா இருக்கும். ஆனா வீல் எடை கூடினா, அதைச் சுழற்ற எஞ்சினுக்கு இன்னும் வேலை. பிரேக்குக்கும் வேலை. பழைய சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் சீக்கிரம் போகும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினா முதல் வேகத்தடையிலயே தெரிஞ்சுடும். சத்தமான சைலன்சர் சத்தத்தைக் குடுக்கும், வேகத்தைப் பெருசா குடுக்காது, போலீஸ் செலானைக் கண்டிப்பா குடுக்கும்.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். 92 குதிரையோட வந்த எஞ்சின் இருபது வருஷத்துல அதே 92ஐக் குடுக்காது. இன்ஜெக்டர் அடைச்சிருக்கும், காயில் பேக் சோர்ந்திருக்கும், கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கும். புது ஸ்பார்க் பிளக், சுத்தம் பண்ண இன்ஜெக்டர், சரியான கிளட்ச், நாலு புது ஷாக் அப்சார்பர், எல்லா லோயர் ஆர்ம் புஷ்ஷும் புதுசு, நல்ல டயர், நல்ல பிரேக் பேட். இவ்வளவும் செஞ்சா, நீங்க ஓட்டறது 2003ல ஷோரூம்ல இருந்து வந்த கார். அதுவே பெரிய வேகம்தான். எந்த இன்ஸ்பெக்டரும் கேள்வி கேக்க மாட்டார்.

உண்மையிலேயே மாடிஃபை பண்ணி ஓட்டணும்னு வெறி இருந்தா, அதுக்கான இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. சோழவரத்துக்கு அடுத்து, 1990ல இருந்து இருங்காட்டுக்கோட்டையில முறையான பந்தயத் தளம் இருக்கு. பழைய எஸ்டீம்கள் அங்க வருஷக்கணக்கா ஓடியிருக்கு. ஹெல்மெட், ஆம்புலன்ஸ், விதிமுறை எல்லாம் அங்க உண்டு. ராத்திரி ஈ.சி.ஆர்.ல ஆட்டோக்காரரும், சைக்கிள்ல மீன் கூடை கட்டிட்டு வர்றவரும் உங்க பந்தயத்துக்குச் சம்மதிச்சு வரல.

பற்றாக்குறை இடம் மாறிடுச்சு

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்போம். சோழவரம் காலத்துல நல்ல கார் கிடைக்கல, ஆனா காரைப் பிரிச்சுச் சேர்க்கத் தெரிஞ்ச கை தெருவுக்குத் தெரு இருந்தது. அதனால மாடிஃபிகேஷன் ஒரு திறமையா வளர்ந்தது. இன்னிக்கு ஆறு வினாடியில நூறைத் தொடற எலெக்ட்ரிக் காரை மாசத் தவணையில வாங்கலாம். வேகத்துக்குப் பஞ்சமே இல்ல. பஞ்சம் இப்போ அந்தக் கைகளுக்கு. ஸ்கேனர் காட்டற கோடைப் பார்த்து மொத்த அசெம்பிளியை மாத்தறவங்க நிறைய. சத்தத்தை வச்சு எந்த புஷ்னு சொல்றவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. அவங்ககிட்ட கத்துக்க வர்ற பசங்களும் குறைவு.

ஹெரால்டை ஓட வச்சது ஸ்டாண்டர்ட் கம்பெனி இல்ல, ஒரு ஊரோட கைத்திறன். ஐகானுக்கும் அதேதான் விதி. ஒரு வித்தியாசம்: ஹெரால்டுல எல்லாம் இரும்பு, லேத்துல கடையலாம். ஐகான்ல எலெக்ட்ரானிக்ஸும் வார்த்த பிளாஸ்டிக்கும் இருக்கு, அதைக் கடைய முடியாது. அதனால இந்தக் கார் எவ்வளவு நாள் ஓடும்கறது, உடைஞ்ச கார்கள்ல இருந்து நல்ல பாகங்களை இப்பவே எடுத்துப் பத்திரப்படுத்தறவங்க கையில இருக்கு.

ஆக, வாங்கலாமா? உங்ககிட்ட இருக்கிற ஒரே வண்டியா, தினமும் ஆபீஸ் போக இதை வாங்கறீங்கன்னா வேண்டாம். ஒரு பாகத்துக்காக ரெண்டு வாரம் வண்டி நிக்கும், உங்க வேலை நிக்கும். கார் விலைக்குச் சமமான தொகையைத் தனியா எடுத்து வைக்க முடியும், காகிதம் சுத்தமா இருக்கு, தகரம் நல்லா இருக்கு, பார்த்துக்க ஒரு நல்ல கை இருக்குன்னா, தாராளமா வாங்குங்க. வாங்கினப்புறம் சனிக்கிழமை அந்த மெக்கானிக் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க. ஸ்பேனர் எடுத்துக் குடுங்க. என்ன பண்றார்னு கேளுங்க. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு அந்தக் காரை உங்ககிட்ட இருந்து வாங்கறவருக்கு, அந்த நோட்டு ஆர்.சி. புக் அளவுக்கு முக்கியம்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஹெரால்டு, டால்ஃபின், பழைய எஸ்டீம், ஐகான் எதாவது ஓடிட்டு இருந்தா, அதைப் பார்த்துக்கற மெக்கானிக் பத்தி எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல புதுப்பேட்டை எப்படி உருவாச்சுன்னு பேசப் போறோம். அதுக்கு அந்தக் கதைகள் வேணும்.